இரு பக்கமும் கோடு

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பதித்த பலகைக்கற்கள், பாலக்கோடு போகும் வழியில் இடிந்து கிடந்த ஒரு கோட்டையிலிருந்து வந்தவை. இண்டூரில் இந்த வீட்டைக் கட்டியபோது என் மாமனார் மாதப்பன் அவர்கள் அவற்றை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒரு கல்லில் மட்டும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன. கோட்டைக் காவலர்கள் பொழுது போகாமல் செதுக்கியிருக்கலாம்.

மணமான புதிதில் என் கணவர் மாதேஸ்வரனும் நானும் அந்தக் கல்லில்தான் ஆடுவோம். புலிகளுக்கு ஓட்டுச் சில்லுகள். ஆடுகளுக்கு ஆமணக்கு விதைகள். 1941-இல் அவர் பட்டாளத்துக்குப் புறப்பட்ட காலையில் ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. அவர் பக்கம் புலி.

"கலைக்காத, சின்னக்கண்ணு. வந்து உன் ஆட்டையெல்லாம் வெட்டறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மலாய் நாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. ஜப்பானியர் அங்கே இறங்கிய பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் அந்த ஆட்டத்தைக் கலைக்கவில்லை. அதைச் சுற்றிப் பெருக்குவேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குவேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். எனக்கு முன்பே என் மாமியார், தீர்த்தம்மாள் அத்தை அவர்கள், அங்கு நிற்பார். தபால்காரர் எங்களைக் கடந்து போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உள்ளே திரும்புவோம்.

அத்தையின் சந்தேகம் கடைசியில் அந்தக் கல்லின்மேல் விழுந்தது. அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அது எதன்மேலாவது விழுந்தாக வேண்டியிருந்தது. மாமனார் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"புலி அலையற வூட்டுல ஆம்பளப்புள்ள எப்படிங்க வந்து உக்காருவான்?" என்றார் அத்தை.

அவ்வளவு பெரிய கல்லுக்கு மாற்றுக் கல் கிடைக்காது. ஆகவே, கோடு கீழே போகும்படி அதைப் புரட்டிப் பதிப்பதென்று முடிவாயிற்று. மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. சில்லுகளும் விதைகளும் இருந்த இடங்களை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்தேன். எங்கள் நிலத்தில் வேலை செய்யும் ஆண்டி, தன் தம்பியுடன் வந்து கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் புரட்டினார்.

அடிப்பக்கத்தில் பழைய சுண்ணாம்புக் காரை அப்பியிருந்தது. ஆண்டி அதைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றினார். ஈரத்தில் கோடுகள் தெரிந்தன. அதே கட்டம், இன்னும் பழையது, இன்னும் தேய்ந்தது.

"ஆயா, புலி இந்தப் பக்கமும் வந்துட்டுதுங்களே" என்றார் ஆண்டி, அத்தையைப் பார்த்து.

எவரும் சிரிக்கவில்லை. எங்களைப் போலவே அந்தக் கோட்டையிலும் யாரோ ஆட்டத்துக்கு அஞ்சிக் கல்லைப் புரட்டச் சொல்லியிருக்க வேண்டும். புரட்டிய பக்கத்திலும் வேறு யாரோ செதுக்கியிருக்க வேண்டும்.

கல்லை உடைத்து வெளியே போட்டுவிடலாமா என்று ஆண்டி கேட்டார். அத்தை வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"அப்படியே போடு" என்றார் கடைசியில்.

கல் பதிந்து, அவர்கள் போன பிறகு, நான் முந்தானையை அவிழ்த்தேன். ஆடுகள் தத்தம் இடங்களில் அமர்ந்தன. இரண்டு புலிகளும் அமர்ந்தன. மூன்றாவதை ஓரிடத்தில் வைத்தேன், எடுத்தேன், வேறிடத்தில் வைத்தேன். அவர் விட்டுப்போன ஆட்டத்தை நானே கலைத்துவிட்டேன் என்று தோன்றியது.

"அங்க இல்லம்மா" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. "ஒரு கட்டம் மேல. அந்த ஓரத்து ஆட்டுக்குப் பக்கத்துல."

அந்தக் கல்லை அத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்றே நான் நினைத்திருந்தேன். அவர் என் அருகில் உட்கார்ந்து, சில்லைத் தம் கையாலேயே நகர்த்தி வைத்தார்.

"இப்ப யாரு ஆடணும்?"

"அவருங்க, அத்தே."

அவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தெருவில் சைக்கிள் மணி ஒலித்தது. இருவரும் எழுந்துவிட்டோம்.