முட்டை இறங்கிச்சா?

அழகுமுத்து தன் பெண்சாதியை ஒரு கிள்ளுச் சீனியால் கீழே விழுத்தினான். கட்டின நாளிலிருந்து அவள் மேல் கை நீட்டியதில்லை என்று பொகவந்தலாவை பஜார் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன், அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முதல் தடவையாகக் கையை நீட்டினான். உள்ளங்கையில் சீனி இருந்தது.

வெளியே மழை. லயத்து வீட்டுத் தகரக் கூரையில் யாரோ கல்லை அள்ளிக் கொட்டுவது போலச் சத்தம். ஆட்டோ ஓட்டப் போக முடியாமல் அடுப்படியில் குந்தி, எல்லோரையும் போல இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று பால் போடாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். எதிரே பிரியந்தி. அவள் கோப்பையில் வெறும் சாயம். அவள் கண் கோப்பையில் இல்லை, அவன் கையில் இருந்தது.

"என்னா புள்ள அப்புடிப் பாக்குற? கைரேகையா பாக்குற?"

"சும்மாதாங்க."

"தேத்தண்ணியில சீனி போடப்படாதுன்னுதானே கொழும்புல சொன்னாங்க? உள்ளங்கையப் பத்தி அந்த நர்ஸ் மிஸ்ஸி வாயே தொறக்கலையே. இது வேற டிப்பாட்மென்டு."

பிரியந்தி சிரித்தாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக அவன் சீனி மூட்டையையே அவிழ்த்திருப்பான். நல்ல வேளை, கையில் இருந்ததில் பாதியைத்தான் அவள் கையில் தட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள்.

கோப்பையைக் கழுவி வைக்கும் முன்பே அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அந்தக் குளிரில் வேர்வை! "நெஞ்சு அடிச்சிக்கிதுங்க" என்றாள். எழுந்தாள். வயிற்றைப் பிடித்தாள். அப்படியே விறகுக் கட்டின் மேல் சரிந்தாள்.

பிரியந்தி தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளை அந்திவரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. உடம்பு பெருத்து, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் முற்றி, காலில் வந்த புண் ஆறாமல் போனபோது, காலா வயிறா என்று கேட்காத குறையாகக் கொழும்பில் டொக்டர்மார் சொன்னார்கள். வயிற்றைச் சுருக்கிக் குடலைத் திருப்பிப் பொருத்தினார்கள். முட்டை அளவுதான் இனி வயிறு. அதில் முதலில் புரோட்டீன் போக வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சோயா. பிறகு இடமிருந்தால் மரக்கறி. சோறு கடைசி. சீனி கூடவே கூடாது. அனுப்பும்போது பெரிய டொக்டர் இன்னொன்றும் சொன்னார். வயிறு வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்து, அது நிற்காமல் போனால் தையல் போட்ட இடம் விட்டிருக்கலாம். ஒரு நிமிசமும் வீட்டில் வைத்திருக்காதே.

அன்றிலிருந்து சமையல் அழகுமுத்துவின் கையில். அவன் அவித்தான், மசித்தான், முள்ளெடுத்தான், டப்பாவில் போட்டு வேலைக்கும் கொடுத்தனுப்பினான். ஆட்டோ ஸ்டேண்டில் போய்ப் பெருமையும் அடித்தான். "கோழிக்கு முட்டை போட்டதோட வேலை முடிஞ்சிருதுடா. அதுக்கப்புறம் கஷ்டப்படுறது பூரா நாந்தான்." மஞ்சள் கரு வீணாகக் கூடாதென்று தானே தின்றான். அவள் உடம்பிலிருந்து இறங்கிய கிலோவில் ஒரு பங்கு இவன் தொந்தியில் ஏறியிருந்தது. அந்திக்கு அவள் வேலையிலிருந்து வந்ததும் கேட்பான்: "என்னா ஆயாம்மா, முட்டை இறங்கிச்சா?" அவளும் சொல்வாள்: "இறங்கிருச்சு, இறங்கிருச்சு."

இப்போது அவளைத் தூக்கியபோதுதான் அவனுக்குத் திக்கென்றது. இவ்வளவு லேசாகவா இருக்கிறாள்?

லயத்தில் பக்கத்துக் காம்பரா வேலாயி அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து ஆட்டோவின் பின்சீட்டில் ஏறிப் பிரியந்தியை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"என்னா தம்பி குடுத்த?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு நக்கு..."

"என்னா நக்கு?"

"சீனி."

வேலாயி பேசினாள். அவள் பேசியதை எழுத முடியாது.

தோட்டத்து ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைக்கு அது ஓடையாகி, கல்லெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வேகமாகப் போனால் குலுக்கலில் தையல் விட்டுவிடும். மெதுவாகப் போனால், ஏற்கெனவே விட்டிருந்தால்? அழகுமுத்து ஒரு வளைவுக்கு வேகமும் மறு வளைவுக்கு மெதுவுமாக ஓட்டினான். இரண்டும் பிழையாகத்தான் பட்டது. சீனியென்றால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தையலென்றால் தெளியாது. அதனால் வளைவுக்கு வளைவு கேட்டான்.

"தெளியுதாக்கா?"

"ரோட்டப் பாரு."

"கண்ணத் தொறந்தாளா?"

"நீ தொறந்து வையி உன் கண்ண!"

கோயில் வளைவில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து கொழுந்து லொறி மேடேறி வந்து முன்னால் நின்றது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலை சரிந்து கீழே போகிற பள்ளம். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அழகுமுத்து பின்னுக்கு எடுத்தான். பின் சக்கரம் சேற்றில் சுழன்று, பள்ளத்துப் பக்கமாக அரை அடி வழுக்கியது. வேலாயி "முருகா!" என்றாள். அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உறைந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயில் ஒரு கேலியும் பகிடியும் வரவில்லை.

லொறிக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு உள்ள? நம்ம ஆயாவா?" அவருடைய மகளும் அந்தப் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள்தான். மறு பேச்சில்லாமல் அவ்வளவு பெரிய லொறியை, லோடோடு, வளைவு முடியும்வரை பின்னுக்கே கொண்டுபோனார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி பிரியந்தியைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டே சிங்களத்தில் கேட்டாள், என்ன சாப்பிட்டார்? அழகுமுத்துவுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. "முட்டை, பருப்பு, மீன்" என்று கடகடவென்று ஒப்புவித்தான். சீனியை மட்டும் விட்டுவிட்டான். பின்னால் நின்ற வேலாயி அவன் முதுகில் விரலால் குத்தினாள்.

"சீனியும்," என்றான். "கொஞ்சம்."

"எவ்வளவு?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அங்கே இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. மிஸ்ஸி கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரையை இழுத்துவிட்டாள்.

டொக்டர் றிப்கா வந்தார். சின்ன வயசு; முகத்தில் தூக்கமின்மை, குரலில் நிதானம். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். கொழும்புக்கு ஃபோன் போட்டு, ஒப்பரேசன் செய்த ஆட்களைப் பிடித்து, தாழ்வாரத்தில் நடந்து நடந்து பேசினார். அழகுமுத்து பின்னாலேயே நடந்தான். அவர் திரும்பினால் இவனும் திரும்பினான்.

"டொக்டரம்மா, தையல் விட்டுருச்சுங்களா?"

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்."

"அப்ப சீனிதாங்களா?"

"இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது."

மிஸ்ஸியைக் கேட்டான். டொக்டர் சொல்வார் என்றாள். வேலாயியைக் கேட்டான்: "அக்கா, நீங்க சொல்லுங்க. என்னாலதானா?" வேலாயி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "மழை விடட்டும்பா" என்றாள். மழைக்கும் இதற்கும் என்ன? ஊர் முழுக்க அவனிடம் பகிடியை வாங்கிப் பழகியவர்கள். இன்றைக்கு ஒரு பதில் கேட்டால் யாருக்கும் வாய் வரவில்லை.

ஹட்டன் ரோட்டில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது என்று அம்புலன்ஸ் டிரைவர் வந்து சொன்னார். கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இப்போதே போக வேண்டும், மேலும் சரிந்தால் அதுவும் இல்லை. வாசலில் எஞ்சினைப் போட்டு வைத்தார். அந்த உறுமல் தாழ்வாரத்துச் சுவரெல்லாம் நடுங்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

டொக்டர் றிப்கா அழகுமுத்துவைத் திரைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டார்.

"கேளுங்க. சீனி மட்டும்தான் காரணமென்றால் இந்நேரம் தெளிஞ்சிருக்கணும். இன்னும் நெஞ்சு வேகமா அடிக்குது, பிரஸர் கீழ நிக்குது. நல்லாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவங்க இப்பிடி ஆனா நான் தையலத்தான் சந்தேகப்படணும். கண்டிக்கு அனுப்பணும். இந்த ரோட்டுல, இந்த நிலைமையில அது லேசில்ல. ஆனா..."

"ஆனா?"

"அவங்க நாக்கு வறண்டு கிடக்கு. தோலப் பிடிச்சாப் பிடிச்சபடி நிக்குது. எனக்கென்னவோ இவங்க ஒழுங்காச் சாப்பிட்டு நாளான மாதிரித் தெரியுது. அப்பிடியென்றால் கதை வேற. வெறும் வயித்துல சீனி விழுந்திருக்கு, உடம்புல தண்ணியும் இல்ல, சத்தும் இல்ல. அத இங்கயே பார்க்கலாம்."

"சாப்பிடாம எப்புடிங்க? நாந்தானே தினமும் அவிச்சுக் குடுக்குறேன். முட்டை, மீன் எல்லாம் இறங்குதே!"

"இறங்குறத நீங்க பார்த்தீங்களா?"

அந்தியில் காலியாகத் திரும்பி வரும் டப்பாவைத்தான் அவன் பார்த்திருந்தான்.

"நான் கேட்டா 'சாப்பிட்டேன் மிஸ்'னு மட்டும்தான் சொல்றாங்க. முகத்த அங்கால திருப்பிக்கொள்றாங்க. நீங்க கேளுங்க. சீக்கிரம்."

திரைக்குள்ளே பிரியந்தி சின்னதாகக் கிடந்தாள். கட்டிலில் அவளைச் சுற்றி நிறைய இடம் மிச்சமிருந்தது. கை ஐஸாகக் குளிர்ந்தது. டொக்டர் தலைமாட்டில் நின்றார், எதையோ சரிசெய்வது போல.

அழகுமுத்துவுக்குப் பழக்க தோசம். "என்னா ஆயாம்மா, முட்டை..." என்று ஆரம்பித்தான். அவள் உதடு தானாகவே அசைந்தது: "இறங்கிருச்சுங்க."

அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அது பதில் இல்லை. அவன் பகிடிக்கு அவள் போடும் தாளம். இத்தனை நாளும் அவன் கேட்டதும் கேள்வி இல்லை.

வெளியே எஞ்சின் உறுமியது. அவன் கட்டிலோரம் முட்டி போட்டான். தொந்தி இடித்தது, பொருட்படுத்தவில்லை.

"பிரியந்தி." பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலமோ, அவனுக்கே அது அந்நியமாகக் கேட்டது. "நேத்து என்னா சாப்பிட்ட? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சிரிக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தில் எதையோ தேடினாள். வழக்கமாக அங்கே இருக்கும் இளிப்பைத்தான் தேடினாள் போலும்.

"தண்ணி," என்றாள்.

"அதுக்கு முந்துன நாளு?"

"தண்ணிதாங்க. ரெண்டு கரண்டி பருப்புத் தண்ணி. அதையும் பாதியில வச்சிட்டேன்."

"அப்ப நான் அவிச்சுக் குடுத்த முட்டையெல்லாம்?"

"காம்பராவுல புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்."

டொக்டர் றிப்கா நிமிர்ந்தார். "எத்தனை நாளா, அக்கா?"

"கொஞ்ச நாளாவே, மிஸ். ஒரு கிழமைக்கு மேல இருக்கும்."

டொக்டர் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை. மிஸ்ஸியிடம் சேலைனும் வைட்டமின் ஊசியும் சொன்னார். சேலைன் ஏற ஏற நெஞ்சு அடிக்கும் வேகத்தை எழுதச் சொன்னார். வாசலுக்கு ஆள் அனுப்பினார்: இப்போதைக்கு அனுப்பவில்லை, இங்கேயே பார்ப்போம். உறுமல் நின்றது. அது நின்ற பிறகுதான் மழை விட்டிருப்பதும் தெரிந்தது. ஊசி இறங்கியபோது பிரியந்தி அவன் விரலைப் பிடித்தாள். சேலைன் சொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரம் போனபின் மிஸ்ஸி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து டொக்டரிடம் தலையாட்டினாள். வேகம் இறங்குகிறது.

அழகுமுத்து எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இப்போது ஒரு பகிடி சொல்லலாம். நாக்கு நுனியில் ஒன்று வந்து காத்துக்கொண்டும் இருந்தது, கோழியைப் பற்றி. அதை விழுங்கினான்.

"ஏன் புள்ள சாப்பிடல? நான் நல்லா ஆக்கலையா? வாடை புடிக்கலையா? நேரா சொல்லு."

பிரியந்தி சொட்டும் சேலைனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் சன்னமாக இருந்தாலும் ஒரு சொல்லும் குழறவில்லை.

"நல்லாத்தான் ஆக்குனீங்க. ஒருநா முட்டை நெஞ்சுல நின்னுக்கிச்சுங்க. மேலயும் வரல, கீழயும் போகல. மூச்சே நின்னு போச்சு. சாகப் போறேன்னு நெனச்சேன். நீங்க அடுப்படியில கோழிக் கதை சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன், நீங்க திரும்பல. அன்னையிலருந்து வாயில எத வச்சாலும் பயம். முழுங்கினா தையல் விட்டுருமோன்னு பயம். உங்ககிட்ட சொல்லலாம்னு வருவேன். சொன்னா மறுநா ஸ்டேண்டுல அது ஒரு கதையாயிரும்னு சொல்லல."