மெர்சி குடித்த தண்ணீர்

தண்ணி குடிக்காம இருக்கறதுதானே என் கெட்டிக்காரத்தனம், இங்க அதுவே தப்புங்கறாங்களே!

மெர்சிக்குச் சிரிப்பு வந்தது. ஒரகடம் கம்பெனியில் அவளுடைய லைனில் பன்னிரண்டு பெண்களுக்குப் பாத்ரூம் போக ஒரே ஓர் அனுமதி அட்டைதான். அதற்குக் காத்திருப்பதைவிட வாயைக் கட்டுவது சுலபம் என்று ஆறு வருடமாகப் பழகியிருந்தாள். அதே பழக்கத்தில், படப்பை ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கும் காய்ந்த தொண்டையோடு வந்து படுத்துவிட்டாள்.

"ஒண்ணுமே தெளிவா தெரியலம்மா," என்றார் டாக்டர் சுபஸ்ரீ. "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உக்காரு. முட்டிக்கிட்டு வரும்போது சொல்லு."

பாட்டிலும் கையுமாக உட்கார்ந்தாள். முந்தின நாள் டாக்டர் கேட்டது நினைவில் ஓடியது. மாசாமாசம் எத்தனை நாள் ரத்தம் படுது? கட்டிகட்டியா போகுதா? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்? இதையெல்லாம் அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது.

மறுபடி படுத்தபோது கேட்டாள்: "தண்ணி எதுக்கு டாக்டர்?"

"மூத்திரப்பை நிறைஞ்சா குடல் ஒதுங்கும், கர்ப்பப்பை நல்லா தெரியும். இதோ பாரு."

சாம்பல் திரையில் கருப்பாக ஓர் உருண்டை. டாக்டர் இரு முனையிலும் புள்ளி வைத்து அளந்தார். ஆறு சென்டிமீட்டர். அதைத்தான் கேன்டீன் சோற்றுத் தொப்பை என்று நினைத்து நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கேன்சரா டாக்டர்?"

"பாத்தா அப்படித் தெரியல. இது நார்த்திசுக்கட்டி, ஃபைப்ராய்டும்பாங்க. நிறைய பேருக்கு வரும். உள்சுவர் பக்கம் இன்னொண்ணு இருக்கற மாதிரி இருக்கு. பாத்ரூம் போய்ட்டு வா, உள்வழியா ஒரு ஸ்கேன் பாத்துடலாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சாதான் மாத்திரையா ஆபரேஷனான்னு சொல்ல முடியும்."

பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது போன் அடித்தது. லைன் லீடர் மஞ்சுளா.

"இன்னாடி, ஆஸ்பத்திரியிலயே குடும்பம் நடத்தினுகீறியா? லைன்ல ரெண்டு ஆளு இல்ல, ஓடியா. வலி மாத்திரை என் பையில கீது. பொம்பளைன்னா வர்றதுதானே?"

அந்த மாத்திரையை ஒரு வருடம் விழுங்கியவள் மெர்சி. மஞ்சுளாவும் விழுங்குகிறவள்தான்.

"வர்றதுதான்க்கா. இவ்ளோ வர்றதில்ல. ஏன்னு கேக்காம மாத்திரைய முழுங்கிக்கினு இருந்தேன் பாரு, அதுதான் நான் பண்ண தப்பு. நீயும் ஒருவாட்டி வந்து காட்டு."

"என் கதைய வுடு. இப்ப வர்றியா, இல்லியா?"

உள்ளே திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த இன்னொன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வரலக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள்.