வடக்கை மறந்த முள்

யூலமே ரோல் சமையல்காரியாகச் சேர்ந்த நாளிலிருந்து தபால் கப்பலின் திசைகாட்டி வடக்கைக் காட்டுவதை நிறுத்திவிட்டு அவளுடைய அடிவயிற்றைக் காட்டியது. அவள் அடுப்படிக்கும் கிடங்குக்கும் நடந்தால் முள்ளும் கூடவே நடக்கும். பட்டாணிச் சோறு கிளறும் நேரத்தில் கப்பல் வட்டம் போடும். கேப்டன் ஃபெஸ்டஸ் நோல்ஸ் இரண்டு முறை மணல்திட்டில் ஏற்றி, முப்பது மூட்டை மாவையும் ஆளுங்கட்சியின் தேர்தல் தட்டிகளையும் நனைத்த பிறகு, தளத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் வரைந்தார். திசை பார்க்கும்போது யூலமே அதற்குள் அசையாமல் நிற்கவேண்டும். வெங்காயம் விலை ஏறினால் முணுமுணுத்துவிட்டு வாங்குவதைப் போல, கோட் ஹார்பர் தீவு இதையும் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளாதவள் நர்ஸ் மோக்சி. இதே முள் முன்பு இரண்டு பயணிகளின் பக்கம் திரும்பியதும், இருவரையும் சினைப்பைப் புற்று இரண்டே ஆண்டில் கொண்டுபோனதும் அவளுக்கு நினைவிருந்தது. அது சத்தம் போடாமல் வரும், வயிறு உப்பினால் வாயு என்று இஞ்சி குடித்துக் காலத்தைக் கடத்துவார்கள், தெரியும்போது முற்றியிருக்கும் என்றாள். பரம்பரையாக ஒரு மரபணு பழுதாகியிருந்தால் ரத்தத்திலேயே தெரியும், தெரிந்தால் நோய் வருமுன் சினைப்பையை எடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். யூலமேக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். எடுத்துவிடு என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. தலைநகரிலிருந்த ஓர் அலுவலகத்துக்கு ஓராண்டு ஆயிற்று. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று நிரப்பாத படிவத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, திசைகாட்டியின் சாட்சியம் விதிகளில் இல்லை என்று மூன்று முத்திரையோடு பதில் வந்தது.

தாய் வழியில் எழுத ஒன்றுமில்லை. அம்மா மிஸ் ஐடாவும் ஐந்து சித்திகளும் எழுபது தாண்டியும் கல்யாண வீடுகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் வழி காலி. தீவில் பாதிப் படிவங்களில் அந்தப் பக்கம் காலிதான். தகப்பன் பேரைக் கேட்டு யூலமே அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள், தட்டைக்கூட உடைத்துப் பார்த்தாள்.

"பாவம் என்னோடது, பேரு அவரோடது. என்னோடத எத்தன தடவ வேணாலும் சொல்றேன். அவரோடதச் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்டி" என்றாள் மிஸ் ஐடா.

ஆகஸ்டில் பாய்மரப் போட்டி வந்தது. போட்டிக்கு முன் கேப்டன்கள் தத்தம் திசைகாட்டியைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்க, தீவின் போதகர் ரெவரண்டு டாக்டர் ஹெஸ்ரான் டெவோ ஆசீர்வதிப்பார். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. அதைக் கொண்டுவந்ததும் இதே தபால் கப்பல்தான். வெள்ளைக் கோட்டில் மைக்கைப் பிடித்து, இந்த நோய் ஏவாளின் மிச்சம், தாயிடமிருந்து மகளுக்குப் போவது, ஆண் ரத்தத்துக்கு அதில் பங்கில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். தம் மூன்று தங்கைகளை அடக்கம் செய்தபோதும் இதையேதான் விளக்கியிருந்தார். பிறகு கையை உயர்த்தினார். பதினோரு முட்களும் அவரை நோக்கித் திரும்பின.

ரெவரண்டு இடப்பக்கம் நகர்ந்தார்; முட்களும் நகர்ந்தன. பிரசங்க மேடைக்குப் பின்னால் போனார். மேடையை ஊடுருவிக் காட்டின. ஆட்டுத்தோல் மேளக்காரன் அவருடைய ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டுத் தட்டினான். கூட்டத்திலிருந்து யூலமே முன்னால் வந்தபோது முட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆறு அவரையும் ஐந்து அவளையும் காட்டி நடுங்கின. மேளம் நின்றது. மிஸ் ஐடா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். யூலமே வெட்கப்படவில்லை. ஓராண்டாகக் காலியாயிருந்த இடம் கண்ணெதிரே கோட்டுப் போட்டு நின்றது.

"ரெவரண்டு, உங்க மானம் எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க. தங்கச்சிங்க பேரும் வயசும் மட்டும் சொல்லுங்க. ஃபாரத்துல மூணு வரி காலியாக் கிடக்கு."

மைக் அணைக்கப்படவில்லை. அவர் மூச்சு விடுவது துறைமுகம் முழுக்கக் கேட்டது.

"சில்பாள், நாப்பத்து மூணு. ஒர்பாள், முப்பத்தொம்போது. கேத்தூராளுக்கு நாப்பத்தாறு. மூணு பேருக்கும் அங்கதான்மா" என்றார். "மேல அப்பன் பேரையும் எழுதிக்க. ஹெஸ்ரான் டெவோ. டாக்டர்னு போட வேண்டாம்."

அன்று போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேப்டன் நோல்ஸ், ரெவரண்டு முப்பது ஆண்டுகளாக எழுப்புதல் பிரசங்கக் கூட்டம் நடத்திய ஐந்து தீவுகளுக்கும் திசைகாட்டியோடு போனார். முள் ஏழு பேரைக் காட்டியது, இரண்டு பேர் ஆண்கள். தகப்பனிடமிருந்து பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் இறங்கும் என்று நர்ஸ் மோக்சி சொல்லிவைக்க, ஊர் அந்த ஏழு என்ற எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டு ரெவரண்டைப் புது மரியாதையோடு பார்த்தது. ஏழு படிவங்களிலும் அவரே கையெழுத்துப் போட்டார். யூலமேயின் ரத்தம் முள் சொன்னதையே சொல்ல, தலைநகரில் அவளுடைய சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்தார்கள். நோய் இன்னும் வந்திருக்கவில்லை.

அக்டோபரில் அவள் திரும்பும் பகலில் பெருமழை பிடித்தது, கரை தெரியவில்லை. கேப்டன் வழக்கம்போல் அவளைச் சுண்ணாம்புக் கட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டு முள்ளைப் பார்த்தார். அது தெரிந்தவரைப் பார்த்துத் தலையாட்டுவது போல அவள் பக்கம் லேசாக அசைந்துவிட்டு, நேர் எதிரே நீட்டி நின்றது. துறைமுக விளக்கு அணைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் இப்படிப்பட்ட நாட்களில் ரெவரண்டு கப்பல்துறையில் வந்து நிற்கிறார் என்று கேப்டன் அவளுக்குச் சொன்னார்.

"மழையிலயா? குடை கிடை இருக்கா அவருக்கு?" என்று கேட்டாள் யூலமே.

உங்கம்மாதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா என்று சொல்லிவிட்டு, கேப்டன் முள் போன பக்கமே கப்பலைச் செலுத்தினார்.