ஒரு முகம் எத்தனை இஞ்ச்

டயானாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை விமானம், இன்று சனிக்கிழமை. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். பெட்டி கட்டி எடையும் பார்த்தாயிற்று. ஊறுகாய் பாட்டிலை மூன்று தடவை வெளியே எடுத்து மூன்று தடவை உள்ளே வைத்தாயிற்று. சபையில் போதகர் ஐயர் வழியனுப்பு ஜெபமும் பண்ணிவிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. இரண்டரை வயது மகள் ஜினோ தினமும் தாய் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு டேப்லெட் வாங்க வேண்டும். அதற்காகக் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, இப்போது பழங்காநத்தத்தில் மூன்றாவதாக ஒரு மாடிக் கடையில் நிற்கிறார்கள்.

எந்தக் கம்பெனி என்பதில்கூடச் சண்டை இல்லை. அளவில்தான் தகராறு.

டயானாவின் புருஷன் இம்மானுவேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டயானாவைப் பெண் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல அந்த மனுஷனுக்கு அரைநாள் போதுமாயிருந்தது. டேப்லெட்டுக்கு எட்டு நாளாகியும் முடிவு வரவில்லை. யாரோ எவரோ அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி உட்கார்ந்து பார்த்தான். நோட்டில் கோடு கிழித்து எட்டரை, பதினொன்று, பதின்மூன்று என்று மூன்று பத்தி போட்டான். வினாத்தாள் திறக்க எது வசதி, மார்க் லிஸ்ட் போட எது வசதி, ஞாயிற்றுக்கிழமை பாமாலை பார்த்துப் பாட எது வசதி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்தான். அவனுடைய அக்கா எஸ்தர், கோச்சடை வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள், தன் பங்குக்கு ஜாக்கெட்டுக் கழுத்து டிசைன் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். டயானா போன பிறகு பகலெல்லாம் ஜினோவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான் என்பதால் அவள் வரிக்கும் மதிப்பு இருந்தது.

டயானா அந்த நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதை அந்த நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

விஷயம் இதுதான். டயானாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்த திவ்யா முந்தின வருஷம் இதே மாதிரி வெளிநாடு போனாள். வருஷம் முழுக்கத் தினமும் பிள்ளையோடு போனில் பேசினாள். லீவில் வந்து ஏர்போர்ட்டில் கையை நீட்டினால், பிள்ளை அப்பன் சட்டைப்பையிலிருந்த போனைக் காட்டி, "அம்மா இதுல இருக்கு" என்றதாம். கைக்குள் அடங்குகிற அம்மாதான் அம்மா, எதிரே நிற்கிற ஆறடிப் பொம்பளை யாரோ எவளோ. பதினோரு நாள் திவ்யாவிடம் ஒட்டவே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒட்டியது, முப்பதாம் நாள் திவ்யா கிளம்பிவிட்டாள். இதைத் திவ்யா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டயானாவுக்குத்தான் அந்தப் பதினோரு நாள் கணக்கு மனசை விட்டுப் போகவில்லை.

ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தன் முகம் என்ன அளவோ அதே அளவில் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். குறையக் கூடாது.

நேற்று எஸ்தரின் இஞ்ச் டேப்பை எடுத்துக் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே அளக்கப் பார்த்தாள். டேப் நழுவிக்கொண்டே இருந்தது. எஸ்தர்தான் வாங்கி அளந்தாள்.

"நெத்தியிலருந்து தாடை எட்டரை. அகலம் ஆறரை" என்றாள் எஸ்தர்.

"அம்புட்டா இருக்கு மதினி?"

"தையலுக்கு ஒரு இஞ்ச் சேத்து விட்டுருக்கேன்ல."

"முகத்துக்கு எதுக்கு மதினி தையலு?"

"கை தன்னால விட்டுருச்சு. அப்ப ஏழரை, அஞ்சரைன்னு வச்சுக்க."

இம்மானுவேல் கேலண்டர் தாளைக் கிழித்து, ஏழரையையும் ஐந்தரையையும் வர்க்கம் பண்ணி, கூட்டி, வர்க்கமூலம் கண்டான். டேப்லெட்டை மூலைக்கு மூலை குறுக்கேதான் அளப்பார்கள் என்று விளக்கினான். இருபது வருஷமாகப் பிள்ளைகளின் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த கணக்கு தன் வீட்டுக்கு உபயோகப்பட்டதில் அவனுக்கு ஒரு பெருமை. "ஒம்பதே கால் வருது. தலைமுடி, காது எல்லாம் சேத்தா பதினொண்ணு எடுத்தா கச்சிதமா இருக்கும்" என்றான். பதினொன்றுக்கு நேரே நோட்டில் பெரிதாக ஒரு டிக் அடித்தான்.

அப்படி முடிவான விஷயத்தை இப்போது கடைக்காரன் கலைத்துக்கொண்டிருந்தான். விற்பனையில் நின்ற கண்ணுச்சாமிக்கு வாய் நல்ல வாய்.

"அண்ணே, அன்றாட யூஸுக்குன்னா எட்டரை போதும்ணே. பிள்ளை கையில பிடிக்கும், லேசா இருக்கும். பதினொண்ணு எடுத்தீங்கன்னா ஸ்டாண்டுல வச்சுத்தான் பாக்கணும். கீழ போட்டுச்சுன்னா வம்பு."

"பதினொண்ணுதான் வேணும்" என்றாள் டயானா.

"அக்கா, நாளைக்கு நீங்க கையில தூக்கிட்டுத் திரியுறப்ப கஷ்டமா இருக்கும்லக்கா."

"நான் தூக்கிட்டுத் திரிய மாட்டேன். நான் உள்ள இருப்பேன்."

கண்ணுச்சாமிக்கு அது புரியவில்லை. அவன் இம்மானுவேலைப் பார்த்தான், இம்மானுவேல் நோட்டைப் பார்த்தான். முந்தின இரண்டு கடையிலும் இதே இடத்தில்தான் பேச்சு நின்றது. டயானா கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஜினோ அத்தையின் இடுப்பில் இருந்தபடி, அம்மா போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது. நான்கு நாளாகவே அது அப்படித்தான். வீட்டில் யாரும் அதனிடம் எதையும் சொல்லவில்லை, ஆனாலும் அது அம்மாவைக் குளியலறைக்குக்கூடத் தனியே விடவில்லை.

சட்டென்று டயானா நின்றாள். "வீட்டுல போயி பாத்துட்டு மாத்த முடியாது. இங்கயே பாத்துருவோம். நான் தெருவுக்குப் போறேன். அங்கருந்து போன் போடுறேன். ரெண்டுலயும் பிள்ளைக்குக் காட்டுங்க."

கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் துணி எடுத்தால் உடுத்திப் பார்க்கிறோம், செருப்பு எடுத்தால் நடந்து பார்க்கிறோம். தாயை மட்டும் ஏன் பார்க்காமல் எடுக்க வேண்டும்? எஸ்தர் பிள்ளைக்குக் கலர்க்கலர் போன் உறைகளைக் காட்டிப் பராக்குக் காட்டினாள். அந்தச் சமயம் பார்த்து டயானா படியிறங்கிவிட்டாள்.

பக்கத்து பாத்திரக்கடை வாசலில் நின்றாள். பஸ்ஸும் ஆட்டோவும் போட்ட சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. இம்மானுவேல் பள்ளிக்கூட வீடியோ வகுப்புக்கு வைத்திருந்த லிங்கை அனுப்பினான். தொட்டாள். போனில் மாடிக் கடை தெரிந்தது, ஸ்டாண்டுக்கு முன்னால் நாற்காலியில் ஜினோ.

"கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றது இம்மானுவேலின் குரல். "இன்னும் கொஞ்சம். அங்கயே நில்லு." அவன் கடைக்காரனிடம் ஸ்கேல் வாங்கித் திரையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "நெத்தியிலருந்து தாடை ஏழரை. அச்சு அசலா இருக்கு."

ஜினோ பார்த்தாள். முதலில் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து வந்து பார்த்தாள். பிறகு கன்னத்தை அப்படியே திரையில் வைத்தாள், காலையில் எழுந்ததும் அம்மா கன்னத்தில் வைக்கிற மாதிரி. டயானாவின் போன் முழுக்கப் பிள்ளையின் காதும் கம்மலும்தான் தெரிந்தன. டயானாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான் சரி, இதுதான் என் அளவு என்று நினைத்தாள். கடைக்காரன் என்ன சொன்னாலும் சரி, பதினொன்றுதான்.

"அம்மா, தூக்கு" என்றாள் ஜினோ.

டயானா ஒரு கையைப் போனை நோக்கி நீட்டினாள்.

ஜினோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். அம்மா தூக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினாள். டயானாவின் போனில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. பிறகு படம் ஆடியது. பிள்ளை ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறாள் என்பது புரிய ஒரு கணம் ஆயிற்று. முகம் அத்தனை பெரிதாக இருந்தால் கையும் மடியும் பின்னால் இருக்கத்தானே வேண்டும். கணக்குப்படி பிள்ளை நினைத்ததில் தப்பே இல்லை.

பின்னால் ஒன்றும் இல்லை.

அந்த அழுகையை டயானா போனில் கேட்டாளா, மாடியிலிருந்து நேராகக் கேட்டாளா என்று சொல்ல முடியாது. இரண்டு இரண்டு படியாக ஏறினாள். எஸ்தர் கையில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அவளைக் கண்டதும் தாவி வந்து, கழுத்தைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவள் கன்னத்தில் பளீரென்று ஓர் அடி வைத்தது. கடையில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றாள் எஸ்தர். "ரெண்டு நாள்ல பழகிரும்."

பிள்ளை அடங்க ரொம்ப நேரம் பிடித்தது. கண்ணுச்சாமி எங்கிருந்தோ ஒரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்து பிரித்துக் கொடுத்தான். இம்மானுவேல், போதும், வீட்டுக்குப் போவோம் என்றான். அவள் கேட்கவில்லை.

"சின்னதையும் பாத்துருவோம்" என்றாள்.

"வேணாம் டயானா. பிள்ளை பாவம்."

"பாக்கணும்."

இந்தத் தடவை அவள் பாத்திரக்கடை வரைக்கும் போகவில்லை. கீழ்ப்படியிலேயே நின்றாள், தூக்க வேண்டியிருந்தால் ஓட வசதியாக. லிங்கைத் தொட்டாள்.

எட்டரை இஞ்ச் டேப்லெட்டை ஜினோ தானே மடியில் வைத்திருந்தாள். உள்ளே அம்மா தெரிந்ததும், "அம்மா" என்றாள், பொம்மையைக் கண்டது மாதிரி. தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டைக் காட்டினாள். திரையில் அம்மாவின் வாயிருந்த இடத்தில் வைத்து ஊட்டினாள். டயானா மென்று காட்டினாள். ஜினோ கலகலவென்று சிரித்தாள். இன்னொரு வாய். அதற்கும் சிரிப்பு. அப்புறம் எதிரே எவனோ பெரிய டிவியில் மீன் படம் போட்டான் போலிருக்கிறது, பிள்ளையின் கண் அங்கே போயிற்று. டேப்லெட்டை மடியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள். டயானாவின் போன் இருட்டாகிவிட்டது.

அவள் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளை மீன் பார்க்கிறது என்று தெரிந்தது. அது வலித்தது, நன்றாகவே வலித்தது. கூடவே, பிள்ளை அழவில்லை என்பதும் தெரிந்தது.

எழுந்து மேலே போனாள். "இதையே போட்டுருங்க தம்பி" என்று சின்னதைக் காட்டினாள்.

கண்ணுச்சாமி இம்மானுவேலைப் பார்த்தான். இம்மானுவேலுக்கு முகம் மாறிவிட்டது.

"நேத்துலருந்து பெருசு பெருசுன்னது நீதான" என்றான்.

"பெருசுல அவ என்னைத் தேடுறா. சின்னதுல தேடல."

"தேடலன்னா மறந்துருவா. திவ்யா பிள்ளை கதைய நீதான சொன்ன."

"மறக்கட்டும். நான் திரும்ப வந்து பழக்கிக்கிறேன். எனக்காக அவ தினமும் அதுக்குப் பின்னாடி போயி பாக்க வேணாம்." அதற்குள் அவள் மனசில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

"அதெப்படி? வினாத்தாள் இதுல தெரியாது" என்றான் இம்மானுவேல். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். மார்க் லிஸ்ட்டுல பாதிப் பத்தி வெளிய போயிரும். பாமாலை…"

"பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் இருக்குல்லங்க. பாமாலை புத்தகம் அலமாரியில கிடக்கு."

"அக்காவுக்குக் கழுத்து டிசைன்…"

"எனக்கு எதுலயும் தெரியும்டா" என்றாள் எஸ்தர்.

இம்மானுவேல் நோட்டை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். பதினொரு இஞ்ச் இன்னும் ஸ்டாண்டில் நின்றது, திரை அணைந்து. அதையே பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல மெல்லச் சொன்னான்.

"பிள்ளைக்கு எட்டரை போதும், சரி. எனக்கு?"

எட்டு நாளாக நோட்டில் வினாத்தாளும் மார்க் லிஸ்ட்டும் பாமாலையும் எதற்காக வரிசை கட்டி நின்றன என்று டயானாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கடையில் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்தாள்.

"அவ அழுதா தூக்குறதுக்கு மதினி இருக்காங்க" என்றாள். "நீங்க அழுதா யாருங்க தூக்குவா? சின்னதே எடுப்போம்."

இம்மானுவேல் தலையை ஆட்டினான். கண்ணுச்சாமி பெட்டியை எடுக்க உள்ளே போனான்.