கங்கணம் கட்டிய கை

1

இந்தக் கதை ராயபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. "மாப்பிள்ளைக்கு நாளைக்கே வேலையாம். கங்கணத்தோட லேத்துல நிக்கப் போறாரு" என்றார் பக்கத்து இலைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

2

ஐம்பத்தாறாம் வருஷம். கடற்காற்றில் புதுப்பெண் மங்கையின் கூந்தல் அலைபாய—

(வேண்டாம். பயந்து நிற்கிறவளுக்குக் கூந்தல் வர்ணனை எதற்கு?)

திருவொற்றியூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்று. லேத்து என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் கிடைக்காததால், ஆட்களைச் சேர்த்து இயந்திரத்திலேயே வேலை பழக்கினார்கள். அப்படிப் பழகுகிறவன் தவசிமுத்து, மங்கையின் புதுக் கணவன். கல்யாணத்துக்கு மறுநாள் அவனுக்குத் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு.

லேத்தில் நிற்பவன் கையில் நூல்கூடத் தொங்கக் கூடாது. சுழலும் இரும்பு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கங்கணத்தையோ மூன்றாம் நாள் சடங்கில்தான் அவிழ்க்கலாம்.

3

"அத்தே, இன்னிக்கே அவுத்துடலாமே?" என்றாள் மங்கை.

"வாயக் கழுவுடி! நடுவுல அவுத்தா தாலிக்கு ஆவாது" என்றாள் மாமியார் தாயம்மா.

தவசிமுத்து முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டான். "உள்ள தள்ளிக்கினேன் பாரு. மேஸ்திரிக்கே தெரியாது. சும்மா பயந்துகினு கீறியே!"

(லேத்துக்கு முழுக்கைச் சட்டையும் ஆகாது. அவனுக்கும் தெரியும்.)

4

முடிவு ஒன்று: மேஸ்திரி கண்டுபிடித்து விரட்டிவிடுகிறார். கை தப்பியது, வேலை போயிற்று.

முடிவு இரண்டு: தேறிவிட்டு மல்லிகைப்பூவோடு வீடு திரும்புகிறான். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு மூன்று: இரும்பு சுழல, சட்டைக்கை மெல்ல—

எழுத மாட்டேன்.

5

அதனால் மங்கையைத் தொழிற்சாலை வாசலுக்கு ஓடவைத்தேன்.

"இன்னாம்மா, புதுப்பொண்ணா? ஒரு வேள கூடப் பிரிஞ்சிருக்க முடியலியா?" காவல்காரர் சிரித்தார்.

"அவரக் கூப்புடுண்ணா. கயித்த அவுக்கணும்."

"எந்தக் கயிறு?"

மங்கை தன் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். தன் கங்கணத்தைப் பல்லால் கடித்து அறுத்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"இதே மாதிரி. அவரு கையில கீது. சட்டைக்குள்ள."

காவல்காரரின் சிரிப்பு நின்றது. திரும்பி ஓடினார். உள்ளே இயந்திரங்களின் சத்தம் நிற்கவில்லை.

(காவல்காரருக்குக் கால் ஊனம் என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். இனி, வாசகர்களே, நீங்கள் ஓடுங்கள்.)