கண்ணாடிப் பெட்டிக்குப் போன ருசி

மே மாதம் ஐந்தாம் தேதி, குழந்தைகள் தின விடுமுறையன்று காலை பதினொன்று இருபதுக்கு, நிஷி-கசாய் ரயில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில் இருக்கும் 'ஏழு மயில்' இந்திய உணவகத்தின் ருசி முழுவதும் அடுப்படியை விட்டு எழுந்துபோய் வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் ஜப்பான் கடைகள் வாசலில் மாதிரிக்கு வைக்கும் பிளாஸ்டிக் சாப்பாடு. ஒரு பட்டர் சிக்கன், ஒரு கீரை பனீர், கோழிக்கால் இரண்டு, தட்டுக்கு வெளியே அரை முழம் தொங்கும் நான் ரொட்டி ஒன்று, மாம்பழ லஸ்ஸி ஒன்று. ஆறு வருஷ வெயிலில் பட்டர் சிக்கன் வெளுத்துப்போய் மருந்துக்கடைச் சமாச்சாரம் மாதிரி இருந்தது. அன்றைக்கு அதிலிருந்து ஆவி பறந்தது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வியர்த்தது. முன்னால் போய் நின்றால் போதும், வெண்ணெயும் வெந்தயக்கீரையும் நாக்கில் தானாக வந்து இறங்கின. உள்ளே மேஜையில் வைத்த நிஜச் சாப்பாட்டில் ஒரு மண்ணும் இல்லை.

கடைக்குத்தான் இந்தியப் பெயர். முதலாளியிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோரும் நேபாளத்துக் கல்கோட் மலைக்காரர்கள். ஜப்பானில் இதை யாரும் கேட்பதில்லை. முதலாளி ஹேமராஜ் கண்டேல் இருபது வருஷத்துக்கு முன்னால் சமையற்காரராக வந்து, ரொட்டி தட்டித் தட்டியே கடை பிடித்தவர். சாப்பாட்டுப் பிரியர். தினமும் கடை திறக்குமுன் ஒரு கரண்டியோடு பானை பானையாகப் போய், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ருசி பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் அவர் வியாபாரி. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் மனிதர். பெரிய சமையற்காரன் தில்மான் ரோக்கா அவருக்குப் பக்கத்து ஊர்க்காரன்தான். வந்த முதல் நாளே அவனுடைய பாஸ்போர்ட் கல்லாவுக்குக் கீழே காகிதக் கைக்குட்டைக் கட்டுகளுக்கு அடியில் போய்விட்டது. "என்கிட்டயே இருக்கட்டும்டா. நீ ட்ரெயின்ல தொலைச்சிட்டு வந்து நின்னா எவன் அலையிறது?" என்றார் ஹேமராஜ். அது சட்டப்படி தப்பு என்று அந்தத் தெருவுக்கே தெரியும், தெருவும் வாயைத் திறக்கவில்லை.

தில்மான் கல்யாணமாகி நாற்பதாம் நாள் ஜப்பான் வந்தான். மனைவி மனசராவை அழைத்துக்கொள்ள முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருஷமாக "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பம் வந்துவிட்டால் சமையற்காரன் ராத்திரி ஒன்பதரைக்குக் கடிகாரத்தைப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. எட்டு வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போனதையும் சேர்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தது நூற்றுப் பதினோரு நாள். குழந்தை இல்லை. அந்த ஏப்ரல் முப்பதாம் தேதி ஊரிலிருந்து போன் வந்தது. மனசராவுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, உடனே புறப்படு என்றார்கள்.

அது பொன் வாரம். ஜப்பானே லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெளியே சாப்பிடக் கிளம்பும் வாரம். தில்மான் கல்லாவுக்கு முன்னால் போய் நின்று பாஸ்போர்ட்டைக் கேட்டான்.

"இன்னும் ஆறே நாள்தாண்டா. ஆறாம் தேதி நானே கையில எடுத்துத் தரேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது."

"முதலாளி, அவளுக்கு ஆள் அடையாளம் தெரியலையாம்."

"அப்ப நீ போனாலும் தெரியப்போறதில்லையே" என்று சொல்லிவிட்டு ஹேமராஜ் வாசலில் நின்றவர்களை உள்ளே அழைக்கப் போய்விட்டார்.

மே மூன்றாம் தேதி மதியம் மனசரா கடைசியாகக் கண் விழித்தாள். நெய் டின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் தில்மான் அவளைப் பார்த்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சிக்னல் கோளாறா, அவளுக்கே குரல் போய்விட்டதா என்று கடைசிவரை தெரியவில்லை. மாலை ஆற்றங்கரையில் அவள் தம்பி கொள்ளி வைத்ததையும் அதே நெய் டின்மேல்தான் பார்த்தான். அன்று மட்டும் அவன் முன்னூற்றுப் பன்னிரண்டு ரொட்டி சுட்டான். ஒன்றுகூடக் கருகவில்லை.

அவர்கள் வழக்கப்படி துக்கக்காரன் பதிமூன்று நாள் உப்பை நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் செத்தவர் போகிற வழி அடைபட்டுவிடும். தில்மான் ருசி பார்க்காமலே சமைத்தான், கை கணக்கு அத்தனை சுத்தம். நான்காம் தேதி யாரோ ஒரு வாடிக்கையாளர் பருப்பில் உப்பு தூக்கல் என்று இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டார். ஐந்தாம் தேதி காலை, வாசலில் இருபது பேர் காத்திருக்க, ஹேமராஜ் அடுப்படிக்குள் வந்தார். "உப்பு பாக்காம என்னடா சமையல்? துக்கத்தை உன் ரூம்ல வச்சுக்க" என்று சொல்லி, கொதிக்கிற பருப்பில் ஒரு கரண்டி மொண்டு, தாடையைப் பிடித்து, அவன் வாயில் ஊற்றினார். தில்மான் விழுங்கிவிட்டான். துப்பியிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வெந்துபோன வாயால் துப்பிப் பார்த்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. அவன் மந்திரம் எதையும் சொல்லவில்லை. முதலாளியைப் பார்த்து, உனக்கு இனிமேல் வாய் இல்லை என்று மனதுக்குள் ஒரே ஒரு தடவை நினைத்தான். அப்போது மணி பதினொன்று இருபது.

ஜப்பானியர்கள் அன்று முழுவதும் ஒரு குறையும் சொல்லவில்லை. சுண்ணாம்பு மாதிரி இருந்த குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்கள். வெளியே போனவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். இந்தியர்கள்தான் கத்தினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நாக்பூர்க்காரர் மிலிந்த் தாம்லே எப்போதும்போல மெனுவில் இல்லாத வெங்காயமும் பச்சை மிளகாயும் கேட்டு வாங்கி, பதினோரு மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன முதலாளி, ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்களா? காரம் அஞ்சாம் நம்பர் கேட்டா அழுகை வரணும்யா! எனக்குத் தூக்கம் வருது."

கூட்டத்தை ஒழுங்கு செய்தது எழுபது வயது ஃபுஜினோ அம்மாள். செவ்வாய்தோறும் ஒன்றாம் நம்பர் காரத்தில் சாப்பிடுகிறவர். வீட்டிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்து நடைபாதையில் நிற்கும் இடங்களை ஒட்டினார். ஆளுக்கு மூன்று நிமிஷம். சும்மா நின்று ருசிப்பது மரியாதையில்லை என்று எல்லோரும் உள்ளே வந்து ஒரு தம்ளர் லஸ்ஸியாவது வாங்கிக் குடித்தார்கள். ஒரு மாதத்தில் வார்டு அலுவலகம் அங்கே ஒரு பெஞ்சு போட்டது. மழைக்காலத்தில் ருசி கொஞ்சம் கெட்டியாக இருக்கும் என்று அறிவிப்புப் பலகையும் வந்தது.

ஹேமராஜுக்கு மட்டும் பெட்டிக்கு முன்னாலும் ஒன்றும் தெரியவில்லை. சாவி போட்டுத் திறந்து பிளாஸ்டிக் ரொட்டியைக் கடித்துப் பார்த்தார்; பல் உடைந்ததுதான் மிச்சம். வீட்டுச் சோறு, ரயில் நிலையத்து நூடுல்ஸ், பல் தேய்க்கிற பசை எல்லாம் ஒன்றாகிவிட்டன. சொன்ன சொல் தவறாதவர் என்பதால் ஆறாம் தேதி காலை பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். தில்மான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி காகிதக் கைக்குட்டைகளுக்கு அடியிலேயே வைத்தான். "இப்ப அங்க எனக்கு யாரு இருக்கா முதலாளி? இங்கயே இருக்கேன்." இருந்தான். நேரம் தவறாமல் வந்தான், லீவு கேட்கவில்லை, பாத்திரத்தை உடைக்கவில்லை. வேறு சமையற்காரர்களை வைத்துப் பார்த்தார் ஹேமராஜ், பலிக்கவில்லை. காலில் விழாத குறையாகக் கேட்ட ஒவ்வொரு தடவையும் தில்மான் மாவைப் பிசைந்துகொண்டே, "ஆறு நாள் பொறுங்க முதலாளி, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது" என்றான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு முழுவதும் இனித்தது. நல்லவன் என்று அவனை யாரும் சொல்ல வேண்டாம், அவனும் கேட்கவில்லை.

பதினைந்தாம் தேதி, உப்புத் துக்கம் முடிந்திருக்க வேண்டிய பதிமூன்றாம் நாள், மனசரா 'ஏழு மயிலு'க்கு வந்து ஜன்னலோரத்து இரண்டாம் மேஜையில் உட்கார்ந்தாள். வழி அடைபட்டவள் வேறெங்கே போவாள்? விசா கேட்க ஆளில்லை, யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஹேமராஜ் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. வாங்கம்மா என்று வரவேற்று, சூடான ஈரத் துண்டும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தார். அவள் எதையும் தொடவில்லை, பேசவும் இல்லை. ஜன்னலோரம் ஆள் இருந்தால் கடைக்கு அழகு என்று அவரும் விட்டுவிட்டார். நான்கு மாதம் கழித்து, தில்மான் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த கல்யாணப் போட்டோவை அவர் பார்த்த அன்றைக்குத்தான் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. ஃபுஜினோ அம்மாளுக்கு முதல் நாளே தெரியுமாம். அடுத்தவர் மேஜை விஷயத்தில் தலையிடக் கூடாதென்று சொல்லவில்லையாம். குரல் இன்னும் வழியில் இருக்கிறது, வந்து சேரும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரவு கடை சாத்தியதும் மனசரா தில்மானோடு அவன் அறைக்கு நடந்து போவாள். அடைமழையில்கூட அவன் ஒரே குடையைத்தான் விரித்தான்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. ஹேமராஜ் இளைத்து, சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியதாயிற்று. பத்தாம் வருஷம் பொன் வாரத்தில் அவர் தாயார் பவித்ரா படுத்த படுக்கையானார். ஹேமராஜ் அன்றிரவே விமானம் ஏறினார், அவருடைய பாஸ்போர்ட் அவரிடமே இருந்தது. தாயார் தன் கையால் அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அந்தக் கடைசி வாய் பாயசமா கஞ்சியா என்று அவருக்குத் தெரியவில்லை. பதிமூன்றாம் நாள் பண்டிதர் அவர் நாக்கில் உப்பை வைத்து, கரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார். ஊரே உப்பு வைத்துப் பார்த்தது. உப்புத் தெரியாதவனுக்குத் துக்கம் முடியாது, எவன் உன் உப்பை எடுத்தானோ அவன் கையாலேயே வாங்கிக்கொள், அதுவரை உன் தாய்க்கு வழி இல்லை என்று பண்டிதர் கைகழுவிவிட்டார்.

அவர் வெள்ளை உடுப்போடு கடைக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாடு முடிந்து, கடை சாத்தியிருந்தது. தாயார் அவருக்கு முன்னாலேயே வந்து, இரண்டாம் மேஜையில் மனசராவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஹேமராஜ் அடுப்படி வாசலில் மண்டியிட்டு, இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல நெற்றியைத் தரையில் வைத்தார்.

"தம்பி, நான் பண்ணது பாவம்தான். என்னை விட்டுரு. எங்க அம்மா என்ன பண்ணுச்சு? ஒரே ஒரு கரண்டிடா. உன் கையால."

தில்மான் ரொம்ப நேரம் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவன் காத்திருந்த காட்சி அது. ஆனால் அந்த வயதான அம்மாள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்த விதம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி, கரண்டியில் மொண்டு, ஊதி ஆற்றிக்கொண்டு வந்தான்.

"போடுப்பா, நல்லா இருப்ப. சின்ன வயசுலேர்ந்தே அவன் வாய்க்குத்தான் வாழ்ந்தான்" என்றார் பவித்ரா.

ஹேமராஜ் தலையைத் தூக்கி வாயைத் திறந்தார். கரண்டி அவர் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"போடாதீங்க."

குரல் வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது வருஷப் பயணத்தில் கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். மனசரா நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை.

"அவன் நாக்குல உப்பு பட்டா, அன்னிக்கு அவன் உங்க வாயில ஊத்துன உப்புக் கணக்கும் முடிஞ்சு ரெண்டு துக்கமும் தீர்ந்துரும். அந்தம்மா போகும், நானும் கிளம்பணும். எட்டு வருஷம் ஒரு கையெழுத்துக் கேட்டோமே, போட்டானா? நான் செத்துத்தான் இந்த ஊருக்கு வர முடிஞ்சுது. வந்த இடத்துல இப்பத்தான் புருஷனோட குடும்பம் நடத்துறேன். அவன் சோறு ருசிச்சுத் திங்கணும்னு அதையும் விட்டுக் குடுக்கணுமா? கெடக்கட்டும் அந்த நாக்கு. நான் மொத்தமா செத்தேன், அவனுக்கு நாக்கு மட்டும்தானே செத்திருக்கு!"

 பவித்ரா தரையில் கிடந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன கையெழுத்துடா அது?" என்று கேட்டார். ஹேமராஜ் திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. "நீ சொல்றதும் நியாயம்தான் பொண்ணே" என்று நாற்காலியை மேஜையோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். தில்மான் கரண்டியைப் பானையிலேயே கவிழ்த்தான். பழி தீர்ந்த சந்தோஷமா, பெண்டாட்டி தங்கிவிட்ட சந்தோஷமா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, தேவையும் படவில்லை.

ஐந்து மணிக்குக் கடை திறந்தது. ஹேமராஜ் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசலில் நின்றவர்களை உள்ளே அழைத்தார். குரல் வந்த மனசரா அதன் பிறகு நிறுத்தவே இல்லை. அந்த எட்டு வருஷத்தில் சேர்த்து வைத்திருந்த ஊர்க் கதை, மாட்டுக்குக் காலொடிந்தது, நாத்தனார் சண்டை, கூரை ஒழுகியது எல்லாவற்றையும் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னாள். நடுநடுவே ஹேமராஜைப் பெயர் சொல்லித் திட்டினாள். அவர் தட்டை ஏந்திக்கொண்டு மேஜை மேஜையாக அதைக் கேட்டபடி நடந்தார். பவித்ரா விட்டுப்போன இடங்களை எடுத்துக் கொடுத்தார். தில்மான் ரொட்டி தட்டிக்கொண்டே கடை சாத்தும்வரை 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான்.