அணையாத இஸ்திரிப் பெட்டி

எங்கள் திருவான்மியூர் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த சட்டமன்ற வேட்பாளர், சுந்தரவல்லியின் இஸ்திரி வண்டியைக் கண்டதும் பெட்டியை வாங்கித் தேய்க்கத் தொடங்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தேய்த்ததில் சட்டையின் முதுகில் புகை கிளம்பியது.

அது எங்கள் தெருப் பையன் ஜீஷானிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. பதினொரு மணிக்கு அவனுக்கு வேலைக்கான நேர்காணல்.

"புதுசா பத்து சட்டை அனுப்புறேம்மா," என்றார் வேட்பாளர்.

"போன தபா குடிதண்ணி அனுப்புறேன்னியே, அது இன்னும் வந்துகினே கீது! கழட்டுய்யா உன் சட்டைய!" என்று சூடான பெட்டியை ஓங்கினாள் சுந்தரவல்லி.

கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு ஜீப்பில் ஏறினார். நானே பார்த்தேன்.

அந்தச் சட்டைப் பையில் கட்சித் தலைவரின் படம் வெளியே தெரியும்படி இருந்தது. ஜீஷான் அதைப் போட்டுக்கொண்டு போனதும் அதிகாரி எழுந்து நின்று, ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை கொடுத்துவிட்டார்.

லட்டோடு வந்து அவன் அதைச் சொன்னபோது சுந்தரவல்லிக்குக் கோபம் இரட்டிப்பானது. "அப்போ நீ ராவும் பகலும் படிச்சது இன்னாத்துக்குடா?"

வேட்பாளரும் ஜெயித்தார். பனியனோடு ஓட்டுக் கேட்ட எளிமைக்காகவாம்.

நாலு வருஷமாக அந்தப் பெட்டியில் கரி அணையவில்லை. அடுத்த தேர்தலுக்கு அவர் மறுபடி வருவார் இல்லையா?